பம்புசெட் கெர்னலுக்கு சி-யா, ரஸ்ட்டா?

மன்னார்குடி மாணவன்:
இறுதியாண்டு புராஜெக்டுக்கு ரிஸ்க்-ஃபைவ் என்ற பிராசஸர் வகை உள்ள போர்டில் ஒரு சின்ன கெர்னல், அதாவது ஹார்டுவேரை நேரடியாக ஆளும் ஆபரேட்டிங் சிஸ்டத்தின் மையப் பகுதி, எழுதப்போகிறோம். பம்புசெட்டை நேரம் பார்த்து ஓட்டி நிறுத்த வேண்டும். ஜூன் 12 தாண்டியும் மேட்டூர் திறக்காவிட்டால் எங்கள் ஊரில் குறுவைக்கு அதுதான் கதி. கெர்னலை சி, ரஸ்ட் என்ற இரண்டு புரோகிராமிங் மொழிகளில் எதில் எழுதலாம்?

தஞ்சாவூர் வாத்தியார்:
சி-தான், தம்பி. 1973-ல் யூனிக்ஸ் ஆபரேட்டிங் சிஸ்டத்தை சி-யில் திருப்பி எழுதினார்கள். லினக்ஸும் 1991-லிருந்து அதில்தான் வளர்ந்தது. எம்ஐடி-யில் பாடத்துக்காகவே எழுதிய எக்ஸ்வி6 கெர்னல் ரிஸ்க்-ஃபைவுக்கு இருக்கிறது. மெமரியைப் பிரிக்கும் பேஜ் டேபிள், வேலையை இடைமறித்துக் கெர்னலிடம் தரும் டிராப், யாருக்கு எப்போது முறை என்று பார்க்கும் ஷெட்யூலர் எல்லாம் அதில் கண்முன்னே தெரியும். ரஸ்ட் என்றால் பாதி நாள், எழுதியதைச் சரிபார்த்து மெஷின் மொழிக்கு மாற்றும் கம்பைலரோடு மல்லுக்கட்டவே போய்விடும்.

கும்பகோணம் டிரைவர்காரன்:
சார், இதில் நான் ஒத்துப்போக மாட்டேன். ஹார்டுவேரை இயக்கும் புரோகிராமான டிவைஸ் டிரைவர் எழுதுவதுதான் என் வேலை. ஃப்ரீ செய்த, அதாவது வேலை முடிந்து விட்டுக்கொடுத்த மெமரியை, அதன் முகவரியை இன்னும் வைத்திருந்த வேறொரு பாயின்டர் தொட்ட ஒரே பிழையைத் தேடி ராத்திரி ராத்திரியாகக் கண்விழித்திருக்கிறேன். தங்கள் பாதுகாப்புப் பிழைகளில் சுமார் 70% மெமரி கோளாறுதான் என்று 2019-ல் மைக்ரோசாஃப்டே சொன்னது. ரஸ்ட்டில் ஒரு டேட்டாவை எத்தனை பேர் வேண்டுமானாலும் பார்க்கலாம். மாற்றும்போது ஒருவர் கையில்தான் இருக்கும். நம் முறைப்பாசனம் மாதிரிதான். ஒருவர் முறையில் இன்னொருவர் மடையைத் திறந்தால் வாய்க்காலிலேயே தடுத்துவிடுவார்கள். இங்கே கம்பைலர் தடுக்கிறது.

தஞ்சாவூர் வாத்தியார்:
சரி, ஹார்டுவேர் ரெஜிஸ்டரில் எழுத, கம்பைலர் காவலைத் தளர்த்தும் அன்சேஃப் போட்டுத்தானே ஆகவேண்டும்? அங்கே யார் காவல்?

கும்பகோணம் டிரைவர்காரன்:
காவல் நாம்தான், மறுக்கவில்லை. ஆனால் மெமரி கெட்டால் முதலில் தேட வேண்டியது அன்சேஃப் போட்ட அந்த நாலு வரியை. சி-யில் என்றால் முழு புரோகிராமையும் சந்தேகப்பட வேண்டும். 2022 டிசம்பரில் வந்த லினக்ஸ் 6.1-லேயே ரஸ்ட்டுக்கு இடம் கொடுத்துவிட்டார்கள். இரண்டு பகுதிகள் ஒன்றுக்கொன்று காத்து உறைந்துபோகும் டெட்லாக்கை மட்டும் ரஸ்ட்டும் தடுக்காது, அதையும் சொல்லிவிடுகிறேன்.

திருவாரூர் விவசாயி:
எனக்கு இரண்டு மொழியும் தெரியாது. ஒன்று கேட்கிறேன்: மோட்டார் ஓடும்போது உங்கள் கெர்னல் உறைந்துவிட்டால்? தண்ணீர் இறங்கிய பிறகும் ஓடினால் காயில் போய்விடும். அந்தச் செலவு எங்கள் தலையில்தான் விழும்.

தஞ்சாவூர் வாத்தியார்:
ஐயா கேட்டதுதான் முக்கியமான கேள்வி. தம்பி, எந்த மொழியானாலும், கெர்னல் உறைந்தால் போர்டை ரீசெட் செய்யும் வாட்ச்டாக் டைமரை முதல் நாளே போடுங்கள். போர்டு ரீசெட் ஆனால் மோட்டாரின் ஸ்விட்சான ரிலே தானாக ஆஃப் ஆகும்படி வயரிங் இருக்கட்டும்.

மன்னார்குடி மாணவன்:
ரிலேயை இன்றைக்கே மாற்றுகிறோம். எங்கள் மூவரில் இருவருக்கு சி தெரியும், ரஸ்ட் யாருக்கும் தெரியாது. எக்ஸ்வி6-ஐப் படித்துவிட்டு, குறித்த நேரத்தில் கெர்னலைக் கூப்பிடும் டைமர் இன்டரப்ட் பகுதியை மட்டும் இரண்டிலும் எழுதிப் பார்க்கிறோம். கும்பகோணம் அண்ணே, அந்த ரஸ்ட் பகுதியைக் கொஞ்சம் பார்த்துத் தருவீர்களா?

கும்பகோணம் டிரைவர்காரன்:
அனுப்புங்க தம்பி.