லப்டொப்பில் ஓடுது, டிவியில் "உங்கள் பகுதியில் கிடைக்காது" எண்டு வருது: உதவி தேவை

உவர்மலைக்காற்று
திருமலை (திருகோணமலை) டவுனுக்குள்ளதான் வீடு. பைபர் லைன், கம்பனி தந்த வைஃபை பெட்டி. சாம்சுங் ஸ்மார்ட் டிவி ஒண்டு, அதோட ஒரு மலிவு அண்ட்ரொய்ட் பெட்டி.

காசு கட்டி எடுத்த விபிஎன் (நெட்டை வேற நாட்டு சேர்வர் வழியா அனுப்புற ஆப்) லப்டொப்பில் இருக்கு. இந்தியா சேர்வரைப் போட்டா ஒரு இந்தியப் படச் சேவை பிரவுசரில் திறக்குது, படமும் ஓடுது. கணக்கு சென்னையில் இருக்கிற மச்சாளின்ட. அவவே தந்ததுதான். அதே வைஃபையில் டிவியைப் போட்டா "உங்கள் பகுதியில் இந்தச் சேவை கிடைக்காது". போனில் விபிஎன் போட்டு, ஹொட்ஸ்பொட் குடுத்து டிவியை இணைச்சும் பார்த்தேன், அதே வசனம். வைஃபை பெட்டியில் டிஎன்எஸ்ஸை (தளப் பெயர்களை இலக்கமாக்குற சேர்வரை) கூகுளின்ட 8.8.8.8 எண்டு மாத்தியும் ஒண்டும் நடக்கேல்ல.

இன்னொரு பிரச்சினை. இலங்கையில் முறையா காசு கட்டிப் பார்க்கிற வேறொரு சேவை, அம்மாவின்ட போனில் மட்டும் "விபிஎன் அல்லது புரொக்ஸி பாவிக்கிறீங்க" எண்டு சொல்லுது. அம்மாவுக்கு விபிஎன் எண்டா என்னெண்டே தெரியாது. ரெண்டுக்கும் தொடர்பு இருக்கா? எதை முதல்ல பார்க்கிறது?

கொட்டியாரம்
தம்பி, ரெண்டும் வேற வேற. அம்மாவின் போன்தான் லேசு, அதை முதலில் முடியுங்க.

2022 ஏப்ரல் 3ஆம் திகதி சமூக ஊடகங்களை முடக்கினபோது ஊரில் பாதிப்பேரின் போனில் யாரோ ஒரு இலவச விபிஎன் ஏத்திக் கொடுத்தார்கள். அதைப் பிறகு ஒருவரும் கழட்டவில்லை. செட்டிங்ஸ், நெட்வேர்க், விபிஎன் என்று போய், பட்டியலில் என்ன இருக்கிறது என்று பாருங்க. பெயருக்குப் பக்கத்திலுள்ள பல்லுச்சக்கரத்தை அமத்தினால் "எப்போதும் இயக்கத்தில்" என்ற ஆளி இருக்கும். அதை நிப்பாட்டிவிட்டு ஆப்பையே அழியுங்க. அழிக்காமல் விட்டால் போன் மீளத் தொடங்கும்போது சில ஆப்கள் தானாக இணையும். அதே இடத்தில் "பிரைவேட் டிஎன்எஸ்" என்றொன்றும் இருக்கும், அண்ட்ரொய்ட் 9இலிருந்து வந்தது. அதில் தெரியாத ஒரு சேர்வர் பெயர் எழுதியிருந்தால் "தானியங்கி"க்கு மாற்றுங்க.

எல்லாம் சுத்தமாக இருந்தும் அதே வசனம் வந்தால் குற்றம் போனில் இல்லை. மொபைல் டேட்டாவில் ஒரே பொது ஐபியை (இணையத்தில் தெரியும் முகவரி இலக்கத்தை) நிறையப் பேர் பங்குபோடுகிறார்கள். அவர்களில் ஒருவரின் போனில் உள்ள இலவச விபிஎன், அந்தப் போனையே மற்றவர்களுக்கு வெளிவாசலாக வாடகைக்கு விட்டால், அந்த ஐபி முழுக்கக் கறுப்புப் பட்டியலில் ஏறும். இது கற்பனை இல்லை, 2015இல் ஹோலா என்ற இலவச சேவை இப்படித்தான் பிடிபட்டது. ஃபிளைட் மோட் போட்டு ஒரு நிமிடம் கழித்து எடுங்க, பெரும்பாலும் வேறு ஐபி கிடைக்கும்.

சாம்பல்தீவுச்சந்தி
இதுக்கெல்லாம் ஏன் இவ்வளவு பாடு? பிளே ஸ்டோரில் இலவச விபிஎன் நூறு கிடக்கு. ஒண்டை டிவிப் பெட்டியில் போட்டா வேலை முடிஞ்சுது.

கொட்டியாரம்
மேலே எழுதியதை இன்னொருக்கா வாசியுங்க. அம்மாவின் போனில் இப்போது நடப்பதே அந்த "வேலை முடிஞ்சுது" தான்.

கிண்ணியா_வயர்
டிவி விசயத்துக்கு வருவம். செய்து பார்த்த மூண்டும் ஏன் சரிவரல்ல எண்டு விளங்கினா மிச்சம் லேசு.

போன் ஹொட்ஸ்பொட்: அண்ட்ரொய்டோ ஐபோனோ, போனில் ஓடுற விபிஎன் அந்தப் போனுக்கு மட்டும்தான். ஹொட்ஸ்பொட்டில் தொங்குற டிவியின் டேட்டா விபிஎன்னுக்குள்ள போகாம நேரா மொபைல் கம்பனி வழியா இலங்கை ஐபியோட வெளியே போகும். ரூட் பண்ணாத (கம்பனிப் பூட்டை உடைக்காத) போனில் இதுக்கு லேசான வழி இல்ல.

டிஎன்எஸ் 8.8.8.8: டிஎன்எஸ் பெயரை இலக்கமாக்குற வேலை மட்டும்தான் பார்க்கும். உங்கட ஐபியை அது மாத்தாது. காசுக்கு விக்கிற "ஸ்மார்ட் டிஎன்எஸ்" வேற சாமான். இடத்தைச் சோதிக்கிற சில முகவரிகளை மட்டும் தங்கட சேர்வர் வழியா திருப்பி விடுவாங்க. உங்கட வீட்டு ஐபியை அவங்களிட்டப் பதிஞ்சிருக்கணும். கரண்ட் போய் வந்து வீட்டு ஐபி மாறினா பதிவு செல்லாது. குரோம்காஸ்ட் மாதிரிச் சாமான்கள் நீங்க என்ன போட்டாலும் 8.8.8.8ஐத்தான் கேக்கும், அதில ஸ்மார்ட் டிஎன்எஸ் தோத்துப்போகும்.

டிவி: சாம்சுங் டிவியில் ஓடுற மென்பொருள் டைசனுக்கும் எல்ஜியின் வெப்ஓஎஸ்ஸுக்கும் நல்ல விபிஎன் ஆப் கிடைக்கிறது குறைவு. கூகுள் டிவி, ஃபயர் ஸ்டிக் எண்டா நேராப் போடலாம். ஆப்பிள் டிவியில் 2023இல் வந்த டிவிஓஎஸ் 17இலிருந்து போடலாம்.

செலவில்லாத வழி, லப்டொப்பை ஹொட்ஸ்பொட் ஆக்குறது. விண்டோஸில் மொபைல் ஹொட்ஸ்பொட்டைப் போடுங்க. "எந்த இணைப்பைப் பகிர" எண்ட இடத்தில் விபிஎன் அடப்டர் பெரும்பாலும் காட்டாது. அப்ப கொன்ட்ரோல் பெனலில் நெட்வேர்க் அடப்டர்கள் இருக்கிற பக்கத்துக்குப் போய், விபிஎன் அடப்டரில் வலது கிளிக், புரொப்பட்டீஸ், ஷேரிங் டப். முதல் கட்டத்தில் சரி போட்டு, கீழே ஹொட்ஸ்பொட்டின்ட அடப்டரைத் தெரிவு செய்யுங்க, பேரில ஒரு நட்சத்திரக் குறி இருக்கும். டிவிக்கு 192.168.137 எண்டு தொடங்குற ஐபி கிடைச்சா சரி.

ஐபி கிடைச்சும் நெட் வரல்லயெண்டா கில்சுவிச்சை (விபிஎன்னுக்கு வெளியால போற டேட்டாவைத் தடுக்கிற ஆளியை) பாருங்க. வயர்காட் (ஒரு விபிஎன் முறை) விண்டோஸ் ஆப்பில் டனலை, அதாவது விபிஎன் இணைப்பை, திருத்துற பக்கத்திலேயே அந்தச் சரிக்குறி இருக்கு. எடுத்துவிட்டா 0.0.0.0/0 (எல்லா முகவரியும்) எண்டிருந்தது 0.0.0.0/1, 128.0.0.0/1 எண்டு ரெண்டாப் பிரியும். அது பிழையில்ல, அப்படித்தான் இருக்கணும்.

உவர்மலைக்காற்று
நன்றி கொட்டியாரம் அண்ணா, கிண்ணியா நானா. அம்மாவின் போனில் நீங்க சொன்ன மாதிரியே பழைய விபிஎன் ஒண்டு ஒளிஞ்சிருந்தது. அழிச்சதும் சரி. லப்டொப் ஹொட்ஸ்பொட்டில் டிவி இப்ப இந்தியா ஐபி காட்டுது (டிவி பிரவுசரில் பார்த்தேன்). ஆனா அந்தச் சேவையின் ஆப் டிவியின் ஸ்டோரிலேயே இல்ல. அண்ட்ரொய்ட் பெட்டியில் ஆப் இருக்கு, படம் மங்கலா ஓடுது. லப்டொப்பை எப்பவும் ஓடவிடவும் ஏலாது.

நிலாவெளி_பரா
ஆப் ஸ்டோர் தனிக் கதவு. டிவி முதல்நாள் தொடங்கும்போது தெரிவு செய்த நாடுதான் அதற்குக் கணக்கு, ஐபியை அது பெரிதாகப் பார்ப்பதில்லை. சாம்சுங்கில் ஸ்மார்ட் ஹப்பை ரீசெட் பண்ணி, திரும்ப அமைக்கும்போது நாட்டை மாற்ற வேண்டும். ஏற்கெனவே உள்ள ஆப்கள் எல்லாம் போய்விடும். கூகுள் பிளேயில் நாடு மாற்றினால் அடுத்த ஒரு வருடத்துக்குத் திரும்ப மாற்ற முடியாது, அதனால் உங்கள் சொந்தக் கணக்கில் கைவைக்காமல் பெட்டிக்கென்று புதுக் கணக்கொன்று திறவுங்க.

மங்கலுக்குக் காரணம் நெட் இல்லை, பெட்டி. படக் களவைத் தடுக்கும் வைட்வைன் பூட்டில் எல்1, எல்3 என்று தரங்கள் உண்டு. மலிவுப் பெட்டிகள் பெரும்பாலும் எல்3. அதற்குப் பெரிய சேவைகள் 480பிக்கு மேல் கொடுக்காது. இந்தப் பூட்டின் (டிஆர்எம்) தகவல் காட்டும் சின்ன ஆப்கள் பிளே ஸ்டோரில் உண்டு, போட்டுப் பாருங்க. எல்3 என்றால் எந்த விபிஎன்னும் அதைத் திருத்தாது. கடையில் பெட்டிக்கு மேல் "4கே" என்று ஒட்டியிருப்பதை நம்பவேண்டாம்.

விபிஎன் கம்பனியின் "இந்தியா" எங்கே இருக்கிறது என்றும் பாருங்க. வாடிக்கையாளர் விபரங்களை 5 வருடம் வைத்திருக்கச் சொல்லி இந்திய அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் 2022இல் உத்தரவு போட்டதும், எக்ஸ்பிரஸ், நோர்ட், சேர்ப்ஷார்க் ஆகிய விபிஎன் கம்பனிகள் எல்லாம் இந்தியாவிலிருந்த சேர்வர்களைக் கழட்டிவிட்டன. இப்போது இந்திய ஐபி ஒட்டிய சேர்வர் சிங்கப்பூர் மாதிரி இடத்தில் இருக்கும். நமக்குச் சென்னை நேர்கோட்டில் சுமார் 500 கிலோமீற்றர்தான், ஆனால் திருமலையில் எந்தக் கடலடிக் கேபிளும் கரையேறுவதில்லை. டேட்டா தெற்கே கொழும்பு, மாத்தறைப் பக்கம் போய், சிங்கப்பூர் தொட்டு, பிறகு இந்தியா. படம் தொடங்கச் சுணங்கினால் அதுதான்.

கொட்டியாரம்
டேட்டாக் கணக்கையும் சொல்லிவிடுகிறேன், இதில்தான் காசு கரைகிறது. நெட்ஃபிளிக்ஸ் சொல்லும் கணக்கில் எச்டி தரம் மணிக்கு 3 ஜிபி வரை, 4கே 7 ஜிபி வரை. இரண்டரை மணிநேரப் படம் எச்டியில் 7.5 ஜிபி. குறிப்பிட்ட ஆப்களுக்கென்று விற்கும் டேட்டா பக்கேஜ்கள் விபிஎன்னுக்குள் வேலை செய்யா. என்ன ஆப் ஓடுகிறது என்று கம்பனிக்குத் தெரியாதபடியால் முழுவதும் சாதாரண டேட்டாவில் வெட்டுப்படும். "பக்கேஜ் போட்டும் டேட்டா முடியுது" என்று கேட்பவர்கள் முதலில் விபிஎன் ஓடுகிறதா என்று பார்க்கவேண்டும்.

நெட்ஃபிளிக்ஸ் பற்றி இன்னொன்று: விபிஎன் என்று கண்டுபிடித்தால் எப்போதும் பிழைச் செய்தி வராது. உலகம் முழுக்க உரிமை உள்ள படங்களை மட்டும் காட்டி மற்றதை ஒளித்துவிடும். "பட்டியல் சின்னதாயிட்டுது" என்றால் அதன் அர்த்தம் இதுதான். விளம்பரத்தோடு வரும் மலிவுத் திட்டத்தில் விபிஎன் அறவே ஓடாது.

உவர்மலைக்காற்று
பெட்டி எல்3தான். கூகுள் டிவி ஸ்டிக் ஒண்டு எடுக்கலாம் எண்டு இருக்கிறன். ஆனா விபிஎன்னை ரவுட்டரிலேயே போட்டா டிவி, ஸ்டிக் எல்லாத்துக்கும் சரியா? கம்பனி தந்த பெட்டியில் அப்படி ஒரு மெனுவே காணேல்ல.

கிண்ணியா_வயர்
கம்பனிப் பெட்டியில் இருக்காது. அதை அப்படியே விட்டிட்டு, ஓபன்டபிள்யூஆர்டி (இலவச ரவுட்டர் மென்பொருள்) ஏத்தக்கூடிய ரெண்டாவது ரவுட்டர் ஒண்டு எடுங்க. கம்பனிப் பெட்டியின் லான் (வீட்டுப் பக்க) துளையிலிருந்து புது ரவுட்டரின் வான் (வெளிநெட்) துளைக்கு ஒரு வயர். டிவி மட்டும் புதுசில. அம்மாவின் போன், பாங்க் ஆப் எல்லாம் பழசில. பாங்க் ஆப்பை இந்தியா ஐபியில் திறந்து லொக் ஆகிப்போன ஆக்கள் இருக்காங்க.

ரெண்டு பெட்டியும் இயல்பா 192.168.1.1 ஆகத்தான் இருக்கும். மோதும். வயர் கொழுவ முதல் புதுசை 192.168.50.1 எண்டு மாத்துங்க.

ஓபன்விபிஎன் (இன்னொரு விபிஎன் முறை) வேணாம், சின்ன ரவுட்டரின் சிப் தாங்காது. வயர்காட் போடுங்க. விபிஎன் கம்பனியின்ட பக்கத்தில கொன்பிக் பைலை (செட்டிங்ஸ் எழுதின பைலை) இறக்கி அப்படியே ஏத்தலாம். அந்த இன்டர்ஃபேஸை (வயர்காட் இணைப்பை) ஃபயர்வோலில் தனி சோனில் (பிரிவில்) போட்டு, மஸ்கரேடிங் (வீட்டு ஐபிகளை விபிஎன் ஐபிக்குள்ள மறைக்கிறது), எம்எஸ்எஸ் கிளாம்பிங் (டேட்டாத் துண்டை டனலுக்கு அளவாக்குறது) ரெண்டுக்கும் சரி போடுங்க. கிளாம்பிங்கை விட்டா மெனு வரும், போஸ்டர் பாதி வரும், படம் சுத்திக்கொண்டே நிக்கும். எம்டியு (ஒரு டேட்டாத் துண்டின் உச்ச அளவு) இயல்பா 1420 பைட். பைபர் லைன் பிபிபிஓஈ (பெயரும் பாஸ்வேர்டும் குடுத்து இணையுற முறை) வழியா வந்தா அதில 8 பைட் போயிடும், 1412 போட்டா எந்தப் பக்கமும் பிரச்சினை இல்ல. 4ஜி ரவுட்டர் எண்டா 1280 வரை இறக்கிப் பாருங்க.

விபிஎன் கம்பனி ஐபிவி6 (புது வகை ஐபி முகவரி) தரல்லயெண்டா புது ரவுட்டரின் லான் பக்கம் ஐபிவி6ஐ நிப்பாட்டுங்க. இல்லாட்டி டிவி ஒரு கதவால இந்தியாவாவும் மற்றக் கதவால இலங்கையாவும் தெரியும்.

ஊரில கரண்ட் போற கதைக்கு இது முக்கியம். இந்த ரவுட்டர்களுக்குள்ள மணிக்கூட்டு பற்றரி இல்ல. கரண்ட் வந்ததும் கடைசியா செட்டிங்ஸ் சேமிச்ச நாளுக்கு நேரம் பின்னுக்குப் போயிடும். வயர்காட் ஒவ்வொரு முறை சேர்வருக்குக் கைகுடுக்கும்போதும் (இணைப்பைத் தொடங்கும்போதும்) நேரத்தை அனுப்பும். முதல் அனுப்பினதை விடப் பழைய நேரம் வந்தா சேர்வர் பதில் சொல்லாது. நேரத்தைச் சரிபண்ண நெட் வேணும், நெட்டுக்கு டனல் வேணும், டனலுக்குச் சரியான நேரம் வேணும். அப்படியே முடங்கி நிக்கும். ரீஸ்டார்ட் பண்ணிப் பிரயோசனமில்ல. நேர சேர்வருக்குப் பெயர் போடாம 162.159.200.1 எண்டு இலக்கமாவே போட்டு, அந்த ஒரு முகவரிக்கு மட்டும் டனலை விட்டு வான் வழியா, கேட்வே (வெளிவாசல்) கம்பனிப் பெட்டியின்ட 192.168.1.1 எண்டு ஸ்டாட்டிக் ரூட் (நிரந்தரப் பாதை) எழுதுங்க. பிறகு கரண்ட் போய் வந்தாலும் தானாவே எழும்பும்.

நிலாவெளி_பரா
கணக்கு விசயத்தில் ஒரு வார்த்தை. இந்தியச் சேவைகள் புது டிவியில் நுழையும்போது +91 இலக்கத்துக்கு ஓடிபி அனுப்பும், அது சில நிமிடத்தில் காலாவதி. மச்சாள் கையில் போனோடு இருக்கும் நேரம் பார்த்துச் செய்யுங்க. டிவித் திரையில் குறியீடு காட்டும் சேவையென்றால் இன்னும் நல்லது, அதை அவ சென்னையிலிருந்தே தன் ஆப்பில் இட்டால் போதும். ஆனால் இது சேவையின் நிபந்தனைக்கு மாறானது. முடக்கினால் முடங்குவது அவவின் கணக்கு, கட்டிய காசும் அவவின் காசு. அதை அவவுக்கு முதலே சொல்லிவையுங்க. பல படங்களின் உரிமை இலங்கைக்கு வேறொரு சேவையிடம் விற்கப்பட்டிருக்கும், இங்கே முறையாகக் கிடைக்கிறதா என்று ஒருக்கா தேடிவிட்டு இந்தப் பாடெல்லாம் படுங்க.

உவர்மலைக்காற்று
விளங்குது. ரவுட்டர் ரெண்டுக்கும் சேர்த்து ஒரு மினி யுபிஎஸ் போட்டா கரண்ட் பிரச்சினையே வராதே?

கிண்ணியா_வயர்
போடலாம், ஆனா அந்த ஸ்டாட்டிக் ரூட்டையும் எழுதிவையுங்க. யுபிஎஸ் பற்றரியும் ஒருநாள் இறங்கும். வாங்க முதல் ரெண்டு அடப்டரின் அடியிலயும் எழுதியிருக்கிறதைப் பாருங்க. கம்பனிப் பெட்டி 12 வோல்ட், புதுசு 9 வோல்ட் எண்டு இருந்தா ரெண்டு வெளியீடும் தனித்தனியா உள்ள யுபிஎஸ் வேணும். ஒவ்வொரு வெளியீட்டிலயும் அதுக்குரிய அடப்டரின் அம்பியரை விடக் கூட எழுதியிருக்கிறதா எடுங்க. பின் நடுவில பிளஸ்ஸா மைனஸ்ஸா எண்ட படமும் அடப்டரிலேயே இருக்கும், அது மாறினா ரவுட்டர் போயிடும்.