ஏற்காட்டில் ஓடும் காருக்கு எந்த சைலன்சர்: 304ஆ, 409ஆ?

மலைவாசி:
ஏற்காட்டில் குடியிருக்கிறேன். பெட்ரோல் கார், எட்டு வருடம் ஆகிறது. தினமும் வீட்டிலிருந்து கடைக்கு 2 கிலோமீட்டர், அவ்வளவுதான். சேலத்துக்கு இறங்குவது மாதம் ஒரு முறை. போன வாரம் பின் சைலன்சர் டப்பாவின் அடியில் விரல் நுழையும் அளவுக்கு ஓட்டை. பட்டறையில் மூன்று வழி சொன்னார்கள்: சாதா இரும்பு, அலுமினியம் பூசிய இரும்பு, முழுக்க 304 ஸ்டெயின்லெஸ். கடைசியின் விலை முதலாவதைப் போல மூன்று மடங்கு. எதைப் போடலாம்?

கஞ்சமலை:
304 போடுங்கள். அதில் 18 சதவீதம் குரோமியம், 8 சதவீதம் நிக்கல். நம் சேலம் உருக்காலை 1981 முதல் ஸ்டெயின்லெஸ் தகடு உருட்டுகிறது. அந்த ஊர்க்காரர் சாதா இரும்புக்கு சில்வர் பெயின்ட் அடித்து ஓட்டுவதை என் மனசு ஏற்கவில்லை.

பழையபட்டறை:
தம்பி, ஊர்ப் பெருமை வேறு, சைலன்சர் வேறு. 30 வருடமாக இந்த வேலை செய்கிறேன். கம்பெனியிலிருந்தே நிறைய கார்களுக்கு 409 என்ற மலிவு ரக ஸ்டெயின்லெஸ் தகடுதான் வருகிறது. குரோமியம் 11 சதவீதம் சொச்சம், நிக்கல் கிடையாது. மேலே செம்பழுப்பாகத் துரு படியும், ஆனால் சீக்கிரம் அரித்து உள்ளே போகாது. 304 சூடேறினால் அதைவிட ஒன்றரை மடங்கு விரியும். குழாயைத் தாங்கும் ரப்பர் ஹேங்கரை எடுத்துவிட்டுக் கம்பியை இறுக்கி வெல்டிங்கில் ஒட்டினால், ஒட்டுக்குப் பக்கத்திலேயே விரிசல் விடும். 20 கொண்டை ஊசி வளைவு ஏறி இறங்கும் வண்டி இது. சேலத்தில் கடல் உப்பும் இல்லை. எதற்கு வீண் செலவு?

கஞ்சமலை:
அண்ணா, விரிசல் பொருத்தியவர் தவறு, தகட்டின் தவறு அல்ல. உப்பைப் பற்றிய பேச்சும் இங்கே வேண்டாம், இந்தத் துரு உள்ளேயிருந்து வருவது. ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறத்தாழ ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாக வெளியேறுகிறது. 2 கிலோமீட்டரில் பின் டப்பா சூடாவதே இல்லை. ஏற்காட்டுக் குளிரில் ஆவி தண்ணீராகி அடியில் தேங்கும், புகையின் அமிலமும் அதில் கரையும். மறுநாள் மறுபடி அதே கதை. அலுமினியப் பூச்சு நல்லதுதான், ஆனால் வெல்டிங் பட்ட இடத்தில் எரிந்து போகும், அங்கேதான் முதல் ஓட்டை.

பழையபட்டறை:
தண்ணீர் விஷயம் சரி, ஒத்துக்கொள்கிறேன். அமிலம் முன்பு போல இல்லை. 2020 ஏப்ரலிலிருந்து பெட்ரோலில் கந்தகம் 10 பிபிஎம்முக்கு (பத்து லட்சத்தில் 10 பங்கு) மேல் இருக்கக் கூடாது, அதற்கு முன் 50. என் கவலை வேறு. 304 என்று சொல்லி எதைத் தருகிறார்கள்? நிக்கலைக் குறைத்து மாங்கனீசு சேர்த்த 200 வரிசைத் தகடு, பாத்திரக் கடை எவர்சில்வர் மாதிரி. காந்தம் ஒட்டவில்லை என்று காட்டி நம்ப வைக்கிறார்கள். அந்தத் தகட்டிலும் காந்தம் ஒட்டாது! தகட்டில் என்ன கலந்திருக்கிறது என்று காட்டும் ஆலைச் சான்றிதழைக் கேட்டு வாங்குங்கள். இல்லையென்றால் 409 மேல்.

ஆர்கான்:
நான் டிக் வெல்டிங் (ஆர்கான் வாயுவால் காற்றை விலக்கி ஒட்டும் முறை) செய்கிறவன். எந்தத் தகடு என்பதில் பாதிதான் விஷயம், மீதி ஒட்டில் இருக்கிறது. 304ஐ சாதா இரும்புக் கம்பியால் ஒட்டினால் அந்தக் கோட்டிலேயே துரு ஓடும். 308எல் என்ற ஸ்டெயின்லெஸ் ஒட்டுக் கம்பி வேண்டும். 304ஐ 409 குழாயோடு சேர்ப்பதானால் 309எல். ஒட்டும்போது குழாய்க்குள்ளும் ஆர்கான் விட வேண்டும், இல்லாவிட்டால் உட்புறம் கருகிப் பொரிந்து, அரிப்பு அங்கிருந்து ஆரம்பிக்கும். தகடு 304எல் ஆக இருந்தால் இன்னும் நல்லது, கரிமம் குறைவு. முன் குழாய் சூடாக ஓடுவதால் காய்ந்தே இருக்கும், அதைத் தொட வேண்டாம். பின் டப்பாவை மட்டும் மாற்றினால் செலவும் குறையும். அப்புறம், பழைய டப்பாவில் தண்ணீர் வடியும் துளை இருந்ததா?

மலைவாசி:
ஓர் ஊசித்துளை இருந்தது. புகை கசிகிறது என்று ஒரு மெக்கானிக் ஒட்டு வைத்து அடைத்துவிட்டார், மூன்று வருடம் இருக்கும். நானும் நல்லதென்று நினைத்தேன்.

பழையபட்டறை:
அதுதான் காரணம். அந்தத் துளை கம்பெனியே வைப்பது. இனி 409 போட்டாலும் 304 போட்டாலும் அதை அடைக்க விடாதீர்கள். வாரம் ஒரு முறை குப்பனூர் பக்கம் இறங்கி ஏறுங்கள். இறங்கும்போது காயாது, ஏற்றத்தில் இன்ஜின் உழைக்கும்போதுதான் டப்பா நன்றாகச் சூடேறும்.

கஞ்சமலை:
துளையோடு 304எல் போட்டால் அந்தப் பயணம்கூட வேண்டியதில்லை, அண்ணா. வண்டியை இன்னும் பத்து வருடம் வைத்திருப்பதாக இருந்தால் நான் சொன்னதுதான்.

மலைவாசி:
வைத்திருப்பேன். பின் டப்பா மட்டும் 304எல், சான்றிதழோடு. ஒட்டும் நாளன்று பக்கத்திலேயே நின்று, அடியில் துளை போட்ட பிறகுதான் வண்டியை எடுப்பேன்.