பெரிய வீடு குழு: நமுத்த பந்து

காலை 6:02

கார்த்தி: 📷

கார்த்தி: எல்லாருக்கும் குட்மார்னிங். டென்வர்ல இப்ப சாயந்தரம் ஆறரை. கூர்ஸ் ஃபீல்டுல பேஸ்பால் பாக்க வந்திருக்கோம். மேல் மாடத்துல எல்லா சீட்டும் பச்சை, இந்த ஒரு வரிசை மட்டும் ஊதா. தெரியுதா?

அம்மா: நல்லா இருக்குப்பா. குழந்தைக்கு ஸ்வெட்டர் போட்டியா

கார்த்தி: போட்டாச்சும்மா

பவி: ஏன்ணா ஊதா? பெயின்ட் தீந்துபோச்சா

கார்த்தி: அந்த வரிசை கடல் மட்டத்துலேர்ந்து ஒரு மைல் உயரம். 5,280 அடி.

சேகர் சித்தப்பா: இதென்ன பெரிய உயரம். நம்ம ஊட்டி இதை விட மேல

கார்த்தி: ஊட்டியில யாரும் பேஸ்பால் ஆடலையே சித்தப்பா 😄 இங்க காத்து கடலோரத்த விட கிட்டத்தட்ட 5ல 1 பங்கு லேசு. போற வழியில பந்தைப் பிடிச்சு இழுக்க ஆள் கம்மி. கடலோர ஊருல 400 அடி போற அடி இங்க 420ஐத் தாண்டிரும்.

நித்யா: அதே லேசான காத்தாலதான் அத்தை இங்க துவரம்பருப்பு வேகவே மாட்டேங்குது. தண்ணி 95 டிகிரியிலயே கொதிச்சுருது. குக்கர் இல்லாம சாம்பாரே கிடையாது.

அம்மா: அதான் அன்னைக்கு வீடியோல சாம்பார் கல்லு மாதிரி இருந்துச்சா

சேகர் சித்தப்பா: பந்து விஷயத்துக்கு வாங்க

கார்த்தி: 1995ல இந்த ஸ்டேடியம் திறந்தாங்க. பந்து பறக்கும்னு தெரிஞ்சுதான் வேலியத் தள்ளிப் போட்டாங்க, நடுவுல 415 அடி. அப்பவும் அடங்கல. 1999ல இந்த ஒரே மைதானத்துல 303 ஹோம் ரன், அதாவது நம்ம சிக்சர் மாதிரி வேலி தாண்டுற அடி. ஒரு சீசன்ல வேற எந்த மைதானமும் அவ்வளவு பாத்ததில்ல.

சேகர் சித்தப்பா: பந்து போடுற பிட்சர் பொழப்பு நாறிருக்கும்

கார்த்தி: நாறத்தான் செஞ்சுது. காத்து லேசுன்னா வளைச்சுப் போடுற பந்தும் சரியா வளையாது. ரெண்டு பக்கமும் அடி.

காலை 6:15

சேகர் சித்தப்பா: இங்க விடியக்காலைலேர்ந்து மழை. இந்த மாதிரி நாள்ல அங்க ஆடுனா பந்து போகாது. காத்துல ஈரம் ஏறுனா காத்து கனமாயிடும். சேப்பாக்கத்துல பாத்திருக்கேன்

வசந்தா அத்தை: சேகர், தப்பு

சேகர் சித்தப்பா: ஆரம்பிச்சுட்டாங்க டீச்சரம்மா

வசந்தா அத்தை: முப்பது வருஷம் பிளஸ் டூ பிசிக்ஸ் எடுத்தவடா நான். காத்துல பெரும்பங்கு நைட்ரஜன், மூலக்கூறு எடை 28. ஆக்சிஜன் 32. நீராவி 18தான். ஆவி உள்ள வந்தா அவங்கள வெளிய தள்ளிட்டுத்தான் வரும். கனமானவன் எந்திரிச்சுப் போயி லேசானவன் உக்காந்தா பஸ்ஸோட எடை கூடுமா குறையுமா?

சேகர் சித்தப்பா: அப்ப புழுக்கத்துல காத்து பாரமா அமுக்குதே அது?

வசந்தா அத்தை: அது உன் வேர்வை காயலைங்கிற சங்கடம். காத்தோட எடை இல்ல.

பவி: அப்பா அவுட் 😂

கார்த்தி: அத்தை சொல்றது சரி. ஆனா அந்த வித்தியாசம் ரொம்பக் கம்மி, மிஞ்சிப்போனா ஒரு அடி ரெண்டு அடி. சூடுதான் அதிகம் வேலை செய்யும். 10 டிகிரி ஃபாரன்ஹீட் ஏறுனா பந்து 3 அடி சொச்சம் கூடப் போகும். மதியம் 90, ராத்திரி 60னா அதுலயே 10 அடி. எல்லாத்துக்கும் மேல காத்தடிக்கிறது. மணிக்கு 5 மைல் வேகத்துல பின்னாலேர்ந்து தள்ளுனா 15 அடிக்கு மேல கூடிரும்.

கார்த்தி: சிகாகோல ரிக்லி ஃபீல்டுன்னு ஒரு மைதானம். 1979 மே மாசம் ஒருநாள் காத்து வெளிப்பக்கமா வீசுச்சு. ஃபிலடெல்ஃபியா 23, சிகாகோ 22. மொத்தம் 11 ஹோம் ரன்.

சேகர் சித்தப்பா: 23 - 22ஆ? கபடி ஸ்கோர் மாதிரில்ல இருக்கு

காலை 6:24

கார்த்தி: நான் சொல்ல வந்ததே வேற. இங்க மேட்ச் பந்தையெல்லாம் ஈரப்பதம் அளந்து வெச்ச ஒரு ரூம்ல பூட்டி வெக்கிறாங்க. ஹியூமிடார்னு பேரு. சுருட்டு காயாம இருக்க வெக்கிற பெட்டிக்குத்தான் முதல்ல அந்தப் பேரு. 2002லேர்ந்து இருக்கு. அது வந்தப்புறம் இங்க ஹோம் ரன் சுமார் 4ல 1 பங்கு குறைஞ்சிருச்சு.

சேகர் சித்தப்பா: பாத்தீங்களா!!! ஈரம்னா பந்து போகாதுன்னு சொன்னேனா இல்லையா. அக்கா இப்ப என்ன சொல்றீங்க

வசந்தா அத்தை: நீ சொன்னது காத்துல ஈரம். அவன் சொல்றது பந்துக்குள்ள ஈரம். முதல்ல சொன்னது பந்தைத் தூக்கிவிடும், ரெண்டாவது அமுக்கும். ரெண்டையும் ஒண்ணாக் குழப்பாத.

பவி: அப்பா பந்துக்குள்ள என்ன ஈரம், அது என்ன பஞ்சா

கார்த்தி: கிட்டத்தட்ட பஞ்சுதான் பவி. நடுவுல கார்க், அதுக்கு மேல ரப்பர், அதைச் சுத்தி கம்பளி நூலை இறுக்கிச் சுத்தியிருப்பாங்க. மேல மாட்டுத்தோல். சிவப்பு நூல்ல 108 தையல், ஒவ்வொண்ணும் கையால போட்டது.

அம்மா: நூத்தியெட்டா? அர்ச்சனை மாதிரி

கார்த்தி: ஆமாம்மா 😄 அந்தக் கம்பளியும் தோலும் ஈரத்த இழுக்கும். டென்வர் வறண்ட ஊரு, ஈரப்பதம் 30 சதவீதம்தான் இருக்கும். பந்து வந்து இறங்குன பெட்டியிலயே காஞ்சு, எடை குறைஞ்சு, கல்லாட்டம் ஆயிரும். பேட்டுல பட்டா சுள்ளுனு துள்ளும். 50 சதவீத ஈரத்துல, 70 டிகிரி ஃபாரன்ஹீட்ல வெச்சா அந்தத் துள்ளல் குறையும்.

நித்யா: அத்தை, நீங்க குடுத்துவிட்ட முறுக்கு டப்பாவ மூடாம மறந்து பத்து நாள் வெச்சுட்டேன். எடுத்துக் கடிச்சா அப்பப் போட்ட மாதிரி மொறுமொறுன்னு இருக்கு. அங்கன்னா ஒரு மணி நேரத்துல நமுத்துரும்ல

வசந்தா அத்தை: இதேதான். காஞ்ச அப்பளம் பட்டுன்னு ஒடியும். நமுத்த அப்பளம் வளைஞ்சு குடுக்கும். நமுத்த பந்தும் அப்படித்தான், பேட்டுல பட்டு அமுங்குறப்ப வாங்குன விசையைத் தானே தின்னுட்டு மிச்சத்தைத்தான் திருப்பித் தரும்.

கார்த்தி: அதை லேப்ல பந்தை மோதவிட்டே அளந்திருக்காங்க அத்தை. ஆலன் நேதன்னு இல்லினாய்ஸ் யுனிவர்சிட்டி பிசிக்ஸ் புரொபசர் போட்ட கணக்குப்படி, ஈரப்பதத்த 30லேர்ந்து 50க்கு ஏத்துனா பந்து சுமார் 13 அடி முன்னாடியே விழுந்துரும்.

பவி: 13 அடிக்கா இவ்வளவு பாடு

கார்த்தி: வேலி தாண்டுற பந்துல பல பந்து மயிரிழையிலதான் தாண்டும் பவி. 13 அடியக் கழிச்சா நிறைய பந்து உள்ளயே விழுந்து கேட்ச் ஆயிரும்.

காலை 6:41

ராமு மாமா: இப்பத்தான் படிச்சேன். இத யாரு கண்டுபிடிச்சா

கார்த்தி: இந்த ஸ்டேடியத்துல வேலை பாத்த ஒரு எலக்ட்ரீஷியன் மாமா. வேட்டைக்குப் போனப்ப அவரோட தோல் பூட்ஸ் காஞ்சு இறுகிப்போச்சாம். பூட்ஸுக்கு இந்த கதின்னா தோல் பந்துக்கு என்ன ஆவும்னு யோசிச்சிருக்கார்.

ராமு மாமா: இதுக்கு பூட்ஸ் எதுக்கு. என்னைக் கேட்டிருந்தா சொல்லியிருப்பேன்

ராமு மாமா: போன மார்கழி உங்க வீட்டுக்கு வந்தப்ப மிருதங்கம் என்ன பாடு படுத்துச்சு. ராத்திரி சுருதி சேத்து வெச்சுட்டுப் படுப்பேன், காலையில வலந்தலை, அதான் வலது பக்கத் தோலு, சுருதி ஏறி நிக்கும். ஹீட்டர் காத்து வேற. தோலு காஞ்சா இழுத்துக்கும்பா

வசந்தா அத்தை: அதுக்குத்தானே மருமக வீட்டு குண்டான எடுத்து ரூம்ல தண்ணி ரொப்பி வெச்சீங்க

ராமு மாமா: ஆமா. ஈரத் துணியும் தொங்கவிட்டேன்

கார்த்தி: மாமா நீங்க எங்க வீட்டுல ஹியூமிடார் கட்டியிருக்கீங்க 🙏

நித்யா: அந்தக் குண்டானத்தான் நான் ரெண்டு நாளா தேடிக்கிட்டு இருந்தேன் 😭

சேகர் சித்தப்பா: எல்லாம் சரி, ஒரு சந்தேகம். ரூம் சாவி சொந்த ஊர் டீம்கிட்டதானே? எதிராளி ஆடுறப்ப நமுத்த பந்து, நம்மாளு ஆடுறப்ப காஞ்ச பந்துன்னு மாத்துனா யாருக்குத் தெரியும்?

பவி: கேஷியரா இருந்த புத்தி

கார்த்தி: சித்தப்பாவுக்கு வந்த சந்தேகம் 2010ல சான் பிரான்சிஸ்கோ டீமுக்கும் வந்துச்சு. அதுக்கப்புறம் பந்து அந்த ரூம்லேர்ந்து மைதானத்துக்கு வர்றத அம்பயருங்க கண்காணிக்கணும்னு உத்தரவு போட்டாங்க.

சேகர் சித்தப்பா: 😎

கார்த்தி: 2018ல அரிசோனாக்காரங்களும் இந்த ரூமைப் போட்டாங்க, அது பாலைவன ஊரு. அங்கயும் ஹோம் ரன் குறைஞ்சுது. 2022லேர்ந்து மேஜர் லீக்ல, அதான் இங்க இருக்குற பெரிய பேஸ்பால் லீக்ல, 30 மைதானத்துலயும் கட்டாயம்.

பவி: இருங்க, மயாமி மாதிரி ஊர்ல எதுக்கு? அங்க ஏற்கெனவே நசநசன்னுதானே இருக்கும்

கார்த்தி: நல்ல கேள்வி. அங்க இதே ரூம் பந்தைக் கொஞ்சம் காய வைக்கும். அதனால ஹியூமிடார்னாலே ஹோம் ரன் குறையும்னு சொல்ல முடியாது. வெளியில இருக்குற காத்து ரூமை விட வறட்சியா, ஈரமாங்கிறதுதான் விஷயம். இங்க பல பேரு பந்தை ஊறப்போட்டு ஏமாத்துறாங்கன்னே நெனைக்கிறாங்க. ஊறவைக்கிறதெல்லாம் இல்ல. எந்த ஊருல எடுத்தாலும் பந்து ஒரே மாதிரி இருக்கணும், அவ்வளவுதான்.

வசந்தா அத்தை: ரூமுக்குள்ள பந்தைக் கட்டுப்படுத்தலாம். வெளிய இருக்குற காத்தை என்ன செய்வாங்க? டார்ட்மவுத் காலேஜ்காரங்க 2023ல ஒரு ஆராய்ச்சி போட்டாங்க. பூமி சூடாகுறதால மட்டும் 2010லேர்ந்து 500 ஹோம் ரனுக்கு மேல கூடியிருக்குன்னு.

சேகர் சித்தப்பா: வெயிலுக்கும் ஒரு ஆட்ட நாயகன் விருது குடுங்க

காலை 7:05

கார்த்தி: இன்னொரு கூத்து கேளுங்க. இவ்வளவு பத்திரமா வெச்ச பந்தை ஆட்டத்துக்கு முன்னாடி சேறு போட்டுத் தேய்க்கிறாங்க. டெலாவேர் ஆத்துப் பக்கம் எடுக்குற சேறு. புதுப் பந்து வழவழன்னு இருக்கும், பிடி கிடைக்கணுமாம்.

ராமு மாமா: நாங்க மிருதங்கத்தோட இடது பக்கம், தொப்பிக்கு ரவை பூசலையா, அந்த மாதிரி

வசந்தா அத்தை: எல்லாத்தையும் மிருதங்கத்துல கொண்டுபோய் நிறுத்திருவாரு

அம்மா: ஆட்டம் ஆரம்பிச்சுதா இல்லையா

கார்த்தி: மூணாவது இன்னிங்ஸ் போகுதும்மா. இப்பத்தான் ஒருத்தன் ஓங்கி அடிச்சான், எல்லாரும் எந்திரிச்சு நின்னோம். வேலிக்கு ரெண்டு எட்டு முன்னாடி கேட்ச் பிடிச்சுட்டாங்க.

பவி: 13 அடி 😶

சேகர் சித்தப்பா: பழைய காஞ்ச பந்தா இருந்தா போயிருக்கும்

வசந்தா அத்தை: இதை மட்டும் ஒத்துக்குறேன்

சேகர் சித்தப்பா: ஸ்கிரீன்ஷாட் எடுத்து வெச்சுட்டேன் அக்கா

ராமு மாமா: கார்த்தி, அந்த ரூம்ல ஒரு ஓரத்துல மிருதங்கம் வெக்க இடம் குடுப்பாங்களா. மார்கழிக்கு வரலாம்னு இருக்கோம்

நித்யா: தாராளமா வாங்க. குண்டான் மட்டும் நீங்களே கொண்டுவந்துருங்க