ஆபரேஷன் ஆன பூனை காலரைக் கழற்றிடுது, என்ன செய்ய?

கேள்வி (கடலூர் முதுநகர்):
எங்க மீனாவுக்கு முந்தாநாள் கருத்தடை ஆபரேஷன். கூம்புக் காலர் மாட்டினா பின்னாடியே நடந்து சுவத்துல இடிக்குது. ராத்திரி அதைக் கழற்றிட்டுத் தையலை நக்குது. எதிர் வீட்டுல நெத்திலி ஆய்ஞ்சா போதும், மதில்மேல தாவப் பார்க்குது. வலிக்குப் பாரசிட்டமால் கால் மாத்திரை குடுன்னு மாமியார் சொல்றாங்க. குடுக்கலாமா?

பதில் (முத்தியால்பேட்டை):
ஐயோ அக்கா, வேண்டவே வேண்டாம்! பூனையோட ஈரலால அதை முறிக்க முடியாது, உயிருக்கே ஆபத்து. டாக்டர் எழுதினது மட்டும் குடுங்க. காலருக்குப் பதிலா நான் பையனோட பழைய டி-ஷர்ட் கையை வெட்டி, கால்களுக்கு ஓட்டை போட்டு என் பூனைக்கு மாட்டினேன். முதல்ல ஒரு மணி நேரம் செத்த மாதிரி கிடந்தா. எல்லாம் நடிப்பு! ஈரமானா மட்டும் மாத்திடுங்க.

பதில் (திருப்பாதிரிப்புலியூர்):
10 முதல் 14 நாள் சின்ன ரூம்ல அடைச்சு வைங்க, பீரோ எதுவும் இல்லாத ரூமா. பூனை கக்கா போற தட்டுல மணலுக்குப் பதில் கிழிச்ச பேப்பர் போடுங்க, புண்ணுல ஒட்டாது. குளிப்பாட்டாதீங்க. தையல்ல சீழ் வந்தாலோ, ஈறு வெளுத்தாலோ, ஒரு நாள் முழுக்கச் சாப்பிடலைன்னாலோ உடனே டாக்டர்கிட்ட தூக்கிட்டு ஓடுங்க.

கேட்டவர்:
மாத்திரையை மாமியாரே ஒளிச்சு வச்சுட்டாங்க. டி-ஷர்ட் கை மாட்டியாச்சு, இப்ப நடிப்பு நடக்குது.