ஏழாம் வகுப்புக்குக் கிறிஸ்தவத்தின் தொடக்கத்தை எங்கிருந்து சொல்வது?

செல்வி டீச்சர்:
கிறிஸ்தவம் தோன்றிய வரலாற்றை ஏழாம் வகுப்புக்கு ஒரே பீரியடில் சொல்ல வேண்டும். நான் எழுதி வைத்திருக்கும் குறிப்பு இது: "ரோமானியர் ஆட்சியில் இருந்த யூதேயாவில் இயேசு பிறந்தார். கிறிஸ்தவம் என்ற புதிய மதத்தைத் தொடங்கினார். யூதர்கள் அவரை ஏற்காமல் சிலுவையில் அறையச் செய்தார்கள். சீடர்கள் அதைப் பல நாடுகளில் பரப்பினார்கள். பிறகு ரோமப் பேரரசே அந்த மதத்தை ஏற்றது." எளிமையாக இருக்கிறது என்று நினைக்கிறேன். உங்கள் கருத்தைச் சொல்லுங்கள்.

வைகைக்கரை:
டீச்சர், இரண்டாவது, மூன்றாவது வரிகளை இப்படியே விடாதீர்கள். இயேசு யூதர். அவருடைய தாய், பன்னிரண்டு சீடர்கள், கலிலேயாவில் அவரைச் சுற்றி நின்ற கூட்டம், எல்லாரும் யூதர்கள்தான். அவர் பஸ்கா என்ற யூதப் பண்டிகைக்கு எருசலேம் போனார், யூத ஜெப ஆலயங்களில் போதித்தார்; தனியாகப் புதிய மதம் எதையும் தொடங்கவில்லை. சிலுவை என்பது ரோமானியத் தண்டனை. தீர்ப்பு சொன்னவர் ஆளுநர் பொந்தியு பிலாத்து. ரோம வரலாற்றாசிரியர் டாசிட்டஸும் அதைத்தான் எழுதியிருக்கிறார். பிலாத்துவின் பெயர் பொறித்த கல் 1961-இல் இஸ்ரேலில் உள்ள செசரியாவில் கிடைத்தது; அதன் படத்தைக் காட்டினால் பிள்ளைகள் மறக்கவே மாட்டார்கள்.

"யூதர்கள் கொன்றார்கள்" என்ற அந்த ஒரு வரியைச் சொல்லியே ஐரோப்பாவில் பல நூற்றாண்டுகள் யூதர்களை அடித்தார்கள், ஊரைவிட்டுத் துரத்தினார்கள். அந்தப் பழியை எல்லா யூதர்கள் மேலும் சுமத்தக் கூடாது என்று கத்தோலிக்கத் திருச்சபையே 1965-இல், உலகமெங்கும் இருந்து ஆயர்கள் கூடிய இரண்டாம் வத்திக்கான் சங்கத்தில் அறிவித்தது. அதே வரியைப் பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கு நாம் ஏன் திரும்பச் சொல்ல வேண்டும்?

பாளை வாத்தியார்:
வைகைக்கரை, பழி விஷயத்தில் உங்களோடு எனக்குச் சண்டை இல்லை. ஆனால் தலைமைக் குருக்கள்தான் அவரைப் பிலாத்துவிடம் கொண்டுபோனார்கள் என்று இயேசுவின் வாழ்க்கையைச் சொல்லும் நான்கு நற்செய்தி நூல்களும் சொல்கின்றன. அதை அப்படியே மறைக்க முடியுமா? அப்புறம், "இயேசு மதத்தைத் தொடங்கவில்லை" என்று வகுப்பில் சொன்னால், வீட்டில் தினமும் ஜெபம் செய்துவிட்டு வரும் பிள்ளை என்ன நினைக்கும்? சீடர்களைத் தேர்ந்தெடுத்தது, சாவதற்கு முன் சீடர்களோடு உண்ட கடைசி இராப்போஜனத்தில் அப்பத்தைப் பிட்டுக் கொடுத்தது, இதெல்லாம் தொடக்கம் இல்லையா?

வைகைக்கரை:
மறைக்க வேண்டாம் சார். "ஆலயத் தலைமைக் குருக்கள்" என்றே எழுதலாம். அந்தக் காலத்தில் தலைமைக் குருவை நியமித்ததும் நீக்கியதும் ரோம ஆளுநர்கள்தான் என்று கூடவே ஒரு வரி சேருங்கள். பன்னிரண்டு பேரைத் தேர்ந்தெடுத்ததும் யூதர்களின் முன்னோரான இஸ்ரவேலின் பன்னிரண்டு கோத்திரங்களை நினைவூட்டத்தான். அவர் செய்தது எல்லாம் யூத மரபுக்குள்ளேயே நடந்தது என்பதற்கு அது நல்ல சான்று.

திண்ணை வாசகன்:
இயேசுவின் செய்தியை யூதர் அல்லாதவர்களிடம் கொண்டுபோன பவுலை நீங்கள் இரண்டு பேரும் விட்டுவிட்டீர்கள். நம்மிடம் இருக்கும் மிகப் பழைய கிறிஸ்தவ எழுத்து அவருடைய கடிதங்கள்தான். அவை கி.பி. 50-களைச் சேர்ந்தவை. மாற்கு நற்செய்தியே சுமார் 70-இல்தான் வருகிறது. யூதர் அல்லாதவர் இயேசுவைப் பின்பற்ற விருத்தசேதனம் (ஆண்களுக்கு முன்தோலை நீக்கும் யூதச் சடங்கு) செய்ய வேண்டுமா, யூதரின் உணவு விதிகளைக் கடைப்பிடிக்க வேண்டுமா என்பதுதான் பெரிய கேள்வியாக இருந்தது. சுமார் 49-இல் எருசலேமில் கூடிப் பேசினார்கள். இயேசுவின் சகோதரர் யாக்கோபு, சீடர் பேதுரு, பவுல் எல்லாரும் அங்கே இருந்தார்கள். விருத்தசேதனம் கட்டாயம் இல்லை என்று முடிவானது. அந்தியோகியா நகரில் பேதுரு யூதர் அல்லாதவர்களோடு சேர்ந்து சாப்பிடாமல் விலகியபோது பவுல் அவரை முகத்துக்கு நேராகவே கண்டித்தார். யார் யாரோடு உட்கார்ந்து சாப்பிடலாம் என்ற சண்டை பிள்ளைகளுக்கு உடனே புரியும். என்னைக் கேட்டால், கிறிஸ்தவத்தைத் தனி மதமாக்கியவர் பவுல்தான். பாடத்தை அவரிடமிருந்து தொடங்குங்கள்.

பாளை வாத்தியார்:
அது சரிவராது. பவுல் மனம் மாறுவதற்கு முன்பே எருசலேமில் இயேசுவைப் பின்பற்றியவர்களின் சபை இருந்தது, அதைத் துன்புறுத்தியவரே அவர்தான். ரோமாபுரிக்கு அவர் போகும் முன்பே அங்கே விசுவாசிகள் இருந்தார்கள், அவர்களுக்குத்தான் அவர் தம் நீண்ட கடிதத்தை எழுதினார். தான் பெற்றுக்கொண்டதையே ஒப்புவித்தேன் என்று கொரிந்து நகரச் சபைக்கு அவரே எழுதுகிறார். பரப்பியதில் அவர் பங்கு பெரியது. தொடங்கியவர் அவர் இல்லை.

செல்வி டீச்சர்:
சரி, கடைசி வரிக்கு வருவோம். 300 ஆண்டுகள் ரோமானியர் விடாமல் கொன்றார்கள், பிறகு கான்ஸ்டன்டைன் அரசு மதமாக்கினார் என்று விரித்துச் சொல்லலாமா?

வைகைக்கரை:
விடாமல் நடக்கவில்லை டீச்சர். 64-இல் ரோமில் தீப்பிடித்தபோது பேரரசர் நீரோ கிறிஸ்தவர்கள் மேல் பழி போட்டான். சுமார் 112-இல் ஆளுநர் பிளினி, இவர்களை என்ன செய்வது என்று பேரரசர் டிராஜனுக்குக் கடிதம் எழுதுகிறார். தேடிப் பிடிக்க வேண்டாம், யாராவது குற்றம் சாட்டி நிரூபித்தால் மட்டும் தண்டியுங்கள் என்று பதில் வருகிறது. பேரரசு முழுக்க நெருக்கடி வந்தது 250-இல் பேரரசர் டெசியஸ் காலத்திலும், 257-இல் வலேரியன் காலத்திலும், 303-இல் டயோக்ளீஷியன் தொடங்கியதிலும்தான். 313-இல் பேரரசர்கள் கான்ஸ்டன்டைனும் லிசினியஸும் கொடுத்தது வழிபாட்டு உரிமை. அரசு மதமாக்கியது 380-இல், பேரரசர் தியோடோசியஸ் காலத்தில்.

பாளை வாத்தியார்:
இன்னொன்று விட்டுப்போகிறது. தலைவரைச் சிலுவையில் கொன்ற பிறகும் இந்தக் கூட்டம் ஏன் கலையவில்லை? இயேசு உயிர்த்தெழுந்தார் என்பதைச் சொல்லாமல் அந்தக் கேள்விக்கு எந்தப் பிள்ளைக்கும் பதில் சொல்ல முடியாது.

திண்ணை வாசகன்:
எல்லா மதத்துப் பிள்ளைகளும் இருக்கும் வகுப்பு அது. "உயிர்த்தெழுந்ததாகச் சீடர்கள் நம்பினார்கள்" என்று சொல்வதுதான் முறை.

செல்வி டீச்சர்:
மாற்றி எழுதியிருக்கிறேன்: "இயேசு கலிலேயாவில் வாழ்ந்த யூதப் போதகர். ரோம ஆளுநர் பிலாத்து அவரைச் சிலுவையில் அறையத் தீர்ப்பளித்தார். அவர் உயிர்த்தெழுந்தார் என்று சீடர்கள் அறிவித்தார்கள். முதலில் யூதர்களுக்குள் இருந்த இந்த இயக்கத்தில், பவுல் போன்றவர்களின் முயற்சியால் மற்ற மக்களும் சேர்ந்தார்கள். மெல்ல மெல்ல அது தனி மதமானது." பவுலும் பேதுருவும் சாப்பாட்டு விஷயத்தில் மோதியதை வகுப்பில் நாடகமாக நடிக்க வைக்கப் போகிறேன்.

பாளை வாத்தியார்:
"யூதப் போதகர்" என்பதோடு நிறுத்தாதீர்கள் டீச்சர். "அவரை மேசியா, அதாவது கடவுள் அனுப்புவார் என்று யூதர்கள் எதிர்பார்த்த மீட்பர், என்று சீடர்கள் ஏற்றார்கள்" என்பதையும் சேருங்கள். அது இல்லாமல் நான் இந்தக் குறிப்பை ஒத்துக்கொள்ள மாட்டேன்.