பூனைக்குச் சுகர் ஒரு நாள் 90, அன்று மாலையே 460. ஊசியைக் கூட்டுவதா, குறைப்பதா?

பஞ்சு வீட்டு ஆள்:
பஞ்சுவுக்கு 11 வயது, ஆண், கருத்தடை செய்தது, எடை ஆறு கிலோ. தண்ணீர்க் கிண்ணத்தை விட்டு நகராமல், மணல் தட்டில் கைப்பிடி அளவுக் கட்டிகளாக மூத்திரம் போய்க்கொண்டிருந்தான், இரண்டு மாதம் முன்பு டாக்டர் பார்த்துச் சர்க்கரை என்றார். 12 மணி நேரத்துக்கு ஒரு இன்சுலின் ஊசி. 1 யூனிட்டில் ஆரம்பித்தோம், காலை ஊசிக்கு முன்னால் பார்த்தால் எப்போதும் 380, 410 என்றே இருக்க, நானே அரை அரையாகக் கூட்டிக் கூட்டி இப்போது 3 யூனிட். கூட்டினால் குறையும் என்று பார்த்தால் இன்னும் ஏறுகிறது. முந்தாநாள் காலை திடீரென்று 90, பயந்துபோய் ஊசியே போடவில்லை, மாலையில் 460. எனக்குத் தலை சுற்றுகிறது. என்ன தப்பு செய்கிறேன்?

நாலுகால் வீடு:
முதலில் இரண்டு கேள்வி. பாட்டிலில் யூ-40 (ஒரு மில்லியில் 40 யூனிட்) என்று போட்டிருக்கிறதா, யூ-100 என்றா? சிரிஞ்சிலும் அதே எண்தானே? மாறிப்போனால் இரண்டரை மடங்கு வித்தியாசம் வரும். அடுத்தது, ஊசி போட்டு ஐந்தாறு மணி நேரம் கழித்து என்றைக்காவது பார்த்திருக்கிறீர்களா? காலை அளவு எங்கே போய் நிற்கிறது என்பதைத்தான் சொல்லும், நடுவில் எவ்வளவு இறங்கியது என்று சொல்லாது. நீங்கள் அதை மட்டும் பார்த்துக் கூட்டியிருக்கிறீர்கள். ஒரு நாள் முழுக்க இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை பாருங்கள்.

பஞ்சு வீட்டு ஆள்:
இரண்டும் யூ-40தான், இப்போதுதான் கண்ணாடி போட்டுப் பார்த்தேன். நடுவில் பார்த்ததே இல்லை. ஒரு தடவை காதில் குத்துவதற்குள்ளேயே சண்டை, இதில் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவையா?

கறுப்பியின் அக்கா:
குளிர்ந்த காதில் குத்தினால் ரத்தம் வராது, அதனால்தான் திரும்பத் திரும்பக் குத்துகிறோம், அதனால்தான் சண்டை. வெந்நீரில் நனைத்துப் பிழிந்த துணியை ஒரு சின்னப் பையில் போட்டு (சூடு உங்கள் மணிக்கட்டுக்கு இதமாக இருக்க வேண்டும்) காதில் அரை நிமிடம் வையுங்கள். பிறகு காதின் ஓரத்தில் வாசலின் கொஞ்சம் தடவி, பின்னால் மருந்துப் பஞ்சை மடித்து வைத்து, விளிம்பு ரத்தக்குழாய்க்குப் பக்கத்தில் ஒரே குத்து. வாசலின் இருப்பதால் ரத்தம் முடியில் பரவாமல் மணி மாதிரி நிற்கும், மீட்டர் ஸ்ட்ரிப் நுனியைத் தொட்டால் போதும். உடனே நாலு விரலால் தடவிக்கொடுத்து, பிடித்த தீனி ஒரு துணுக்கு. கறுப்பி இப்போது காலையில் தானே வந்து உட்காருகிறாள், காதுக்காக இல்லை, துணுக்குக்காக. ஒன்று, பயந்தால் பூனைக்குச் சுகர் ஏறும், சண்டை போட்டு எடுத்த அளவை நம்பாதீர்கள்.

பஞ்சு வீட்டு ஆள்:
இன்று முழுக்க லீவு போட்டு எடுத்தேன். ஊசிக்கு முன் 402, போட்டு 2 மணி நேரத்தில் 290, 4 மணி நேரத்தில் 121, 6 மணி நேரத்தில் 61, 8 மணி நேரத்தில் 148, 10 மணி நேரத்தில் 310, 12 மணி நேரத்தில் 395. அந்த 61இல் அவன் சும்மா தூங்கிக்கொண்டுதான் இருந்தான்!! சாப்பாடு வைத்தேன், எழுந்து தின்றான்.

நாலுகால் வீடு:
தின்றானே, அது நல்லது. இன்று மாலை ஊசிக்கு முன்னாலேயே டாக்டரைக் கூப்பிட்டு இந்த ஏழு எண்ணையும் படியுங்கள், 3 யூனிட்டை நீங்களாகத் தொடராதீர்கள். வீட்டில் தேனோ குளுக்கோஸ் கரைசலோ வைத்திருங்கள். தள்ளாடினாலோ மந்தமாக இருந்தாலோ ஈறில் தடவிவிட்டு டாக்டரிடம் ஓடுங்கள். வலிப்பு வந்தால் வாய்க்குள் ஊற்ற வேண்டாம், புரையேறிவிடும்.

மீட்டர் மனிதருக்கானதா?

பஞ்சு வீட்டு ஆள்:
ஆமாம், மனித மீட்டர்தான்.

நாலுகால் வீடு:
அப்படியென்றால் பூனை ரத்தத்தில் நிஜத்தைவிடக் குறைவாகக் காட்டியிருக்கலாம். அதற்காக 61ஐ அலட்சியப்படுத்த முடியாது. மீட்டரை அடிக்கடி மாற்றாதீர்கள், ஒப்பிட முடியாமல் போகும்.

மாடிப்படிப் பூனை:
எல்லாரும் இதை 'லோவுக்குப் போய்த் திரும்ப எழும்பியது' (சுகர் மிகவும் இறங்கியதால் உடம்பே அதை ஏற்றிவிட்டது) என்பீர்கள். எனக்கு அவ்வளவு நிச்சயமில்லை. சில இன்சுலின் பூனை உடம்பில் சீக்கிரம் தீர்ந்துவிடும், ஊசி போட்டுப் பத்தாவது மணி நேரத்தில் மருந்தே இருக்காது, அப்போதும் இதே பள்ளம்தான் வரும். எதுவானாலும் அடிமட்டம் 61 என்றால் ஊசியைக் கூட்டக் கூடாது. நீண்ட நேரம் நிற்கும் இன்சுலினுக்கு மாற்றலாமா என்று கேளுங்கள்.

கறுப்பியின் அக்கா:
வீட்டில் வேறு பூனை உண்டா? உலர் தீனி யாராவது தின்கிறார்களா?

பஞ்சு வீட்டு ஆள்:
உண்டு, மேசைக்கு அடியில் உலர் தீனிக் கிண்ணம் எப்போதும் திறந்தே இருக்கிறது. இதை யாரும் என்னிடம் கேட்டதில்லை.

கறுப்பியின் அக்கா:
அதை எடுங்கள், ஆனால் டாக்டரிடம் சொல்லிவிட்டு எடுங்கள். உலர் தீனியில் மாவுச்சத்து அதிகம். அது திடீரென்று நின்றால் இன்சுலின் தேவையும் சட்டென்று குறையும், பழைய அளவே போட்டால் லோ வரும்.

பஞ்சு வீட்டு ஆள் (ஒன்பது நாள் கழித்து):
டாக்டர் 1.5 யூனிட்டுக்கு இறக்கினார், கிண்ணம் எடுத்தாயிற்று, இருவருக்கும் ஈரத் தீனி. ஒரு வாரம் ஊசி அளவில் கையை வைக்காமல் இருங்கள் என்றார், ரொம்பக் கஷ்டப்பட்டு இருந்தேன். நேற்று எடுத்தது: 296, 231, 164, 118, 139, 205, 268. பல்லில் ஒன்று அழுகியிருக்கிறதாம், அதுவும் சுகரை ஏற்றுமாம், புதன்கிழமை எடுக்கிறார்கள். அன்று காலை வெறும் வயிற்றோடு ஊசி எவ்வளவு போடுவது என்று இப்போதே கேட்டு எழுதி வைத்துக்கொண்டேன்.