கோடு வரை ஊற்றுவதா, அளந்து ஊற்றுவதா? கனஅளவு சதவீத அனுபவங்கள்

வேதியியல் ஆசிரியை:
50 மி.லி. எத்தனாலையும் (நாம் ஆல்கஹால் என்பது) 50 மி.லி. தண்ணீரையும் கலந்தால் கனஅளவு சதவீதம், அதாவது 100 மி.லி. கரைசலுக்கு எத்தனை மி.லி. எத்தனால் என்று கேட்டால், வகுப்பே ஒரே குரலில் 50 என்று சொல்லும். பரீட்சையில் மார்க் விழும், சரி. ஆனால் ஒரு பேட்ச் பிள்ளைகளை ஆய்வகத்துக்கே கூட்டிப்போய்ச் செய்ய வைத்தேன். கலந்ததும் ஜாடி வெதுவெதுப்பானது. ஆறவிட்டுப் பார்த்தால் பிறைக்கோடு (திரவத்தின் வளைந்த மேல்மட்டம்) 100-இல் இல்லை, 96, 97 பக்கம் நிற்கிறது. "சிந்திட்டியா?" என்று ஒருத்தியை எல்லோரும் பிடித்துக்கொண்டார்கள். யாரும் சிந்தவில்லை. தண்ணீரும் எத்தனாலும் சேர்ந்தால் மூலக்கூறுகள் தனித்தனியாக இருந்ததைவிட நெருக்கமாக அமர்ந்துவிடும். எடை குறையாது, கனஅளவுதான் சுருங்கும்.

அப்புறம் ஒரு பையன் கேட்டான் பாருங்கள்: "மிஸ், கரைசல் 96.4 என்றால் எத்தனால் 51.9 சதவீதம். தண்ணீரும் 51.9. கூட்டினால் 100-ஐத் தாண்டுதே?" தாண்டும்தான். கரைபொருளின் கனஅளவைக் கரைசலின் மொத்தக் கனஅளவால் வகுத்து 100-ஆல் பெருக்குகிறோம். கீழே போடும் எண் கலந்த பிறகு அளந்தது. எடை சதவீதத்தில் இந்த வம்பே கிடையாது.

தாவரவியல் ஆய்வக உதவியாளர்:
எங்களுக்குத் தினமும் 70 சதவீத ஆல்கஹால் வேண்டும். கையில் இருப்பது 95. பழைய ஆள் ஒருவர் சொல்லிக்கொடுத்த வழி: 95-ஐ 70 மி.லி. எடு, தண்ணீர் விட்டு 95 மி.லி. கோட்டுக்குக் கொண்டுவா, முடிந்தது. 50 வேண்டுமா? 50 எடுத்து 95 வரை. கால்குலேட்டரே வேண்டாம். C1V1=C2V2 (முதல் சதவீதம் × எடுத்த அளவு = வேண்டிய சதவீதம் × மொத்த அளவு) போட்டுப் பாருங்கள், அப்படியே பொருந்தும். மேலே மேடம் சொன்ன சுருக்கம் இங்கேயும் உண்டு. 25 மி.லி. தண்ணீரை அளந்து ஊற்றினால் கோட்டுக்குக் கொஞ்சம் கீழேயே நிற்கும். ஸ்லைடு வேலைக்கு அது பரவாயில்லை.

மருந்தாளுநர்:
2020-இல் சானிடைசர் கிடைக்காமல் நாங்களே தயாரித்தோம். உலக சுகாதார நிறுவனத்தின் செய்முறை: 96 சதவீத எத்தனால் 8333 மி.லி., 3 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடு 417 மி.லி., 98 சதவீத கிளிசரால் 145 மி.லி., மிச்சம் காய்ச்சி ஆறவைத்த தண்ணீர், மொத்தம் 10 லிட்டர். 8333-ஐ 0.96-ஆல் பெருக்கினால் 8000. ஆக எத்தனால் 80 சதவீதம். எங்களுக்கு வந்த கேனில் 95 என்று இருந்தது, அதனால் 8421 மி.லி. எடுத்தோம். உடன் இருந்த தம்பி "தண்ணி எவ்வளவுண்ணே?" என்று கேட்டுக்கொண்டே இருந்தான். அதற்குத் தனி அளவே கிடையாது, 10 லிட்டர் கோடு வரைக்கும்தான். நிரப்பி 72 மணி நேரம் வைத்துவிட்டுத்தான் கொடுத்தோம், பாட்டிலில் இருக்கும் கிருமி வித்துகள் சாக வேண்டுமே.

நோயியல் ஆய்வகத்திலிருந்து:
எங்கள் துறையில் குழப்பமே வேறு. ஃபார்மலின் என்பது ஃபார்மால்டிஹைடு வாயு தண்ணீரில் கரைந்த கரைசல். 10 சதவீத ஃபார்மலின் கேட்டால், புதிதாக வந்த பிள்ளை பாட்டிலில் ஃபார்மால்டிஹைடு 37 சதவீதம் என்று பார்த்து, 100 மி.லி.க்கு 27 மி.லி. என்று கணக்குப் போட்டுவிட்டது. கணக்கில் தப்பில்லை, கேட்டதுதான் வேறு. 10 சதவீத ஃபார்மலின் என்றால் கடை ஃபார்மலினில் 10 பங்கு, தண்ணீர் 90 பங்கு. உள்ளே ஃபார்மால்டிஹைடு 4 சதவீதத்துக்குப் பக்கம்தான் இருக்கும். 27 ஊற்றியிருந்தால் அறையில் கண் திறக்க முடியாது! எதன் சதவீதம் என்று முதலில் கேட்டுவிடுங்கள்.

பெயர் வேண்டாம்:
மாமனார் பாட்டிலைக் காட்டி "மாப்ளே, 42.8% v/v-னா என்ன?" என்றார். v/v என்றால் இந்தக் கனஅளவு சதவீதம்தான். 750-இல் 321 மி.லி. சுத்தமான ஆல்கஹால் என்றேன். அன்று கிளாஸில் தண்ணீர் கொஞ்சம் தாராளமாகவே விழுந்தது.